நாற்காலிக்கு மேலே தொங்கிய விமானம்

அன்புள்ள நெட்டையனுக்கு,

உன் சீப்பு எழுதுவது. நானும் கடையும் இருக்கிறோம். நீயும் வீட்டில் இருப்பவர்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். வழக்கமாக நான் எழுதுகிற கேலியும் கிண்டலும் இந்தக் கடிதத்தில் இருக்காது. பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்கள் போன பிறகு பிரி.

உன் அம்மா அனுப்பிய போட்டோவில் அப்பாவின் தாடியைப் பார்த்துவிட்டு, "என்னடா, எங்கப்பா சாமியாராப் போயிட்டாரா? தெருமுனையில கடையை வெச்சுக்கிட்டு என்ன பண்றே, போய் ஒரு வழி வழிச்சு விடு" என்று எழுதியிருந்தாய். படித்ததும் மடித்துப் பவுடர் டப்பாவுக்குப் பின்னால் செருகினேன். டப்பாவை எடுக்கும்போதெல்லாம் அது எட்டிப் பார்க்கிறது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் எழுதுவது? ஊரிலுள்ள முகங்களையெல்லாம் துடைத்துவிடுகிறவன் நான், என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கக் கூசுகிறேன்.

சரி, முதலில் நல்ல சேதி. என் மகளுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை கிடைத்திருக்கிறது. வீட்டில் யாருக்குத் தலைவலி என்றாலும் ஊசியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். கடை நாற்காலிகள் இரண்டுக்கும் புது ரெக்ஸின் போட்டேன். தண்ணீர்க் குழாய் இன்னும் ஒழுகுகிறது. இவ்வளவுதான் நல்ல சேதி, இதற்கு மேல் இழுத்தடிக்க முடியாது.

நீ அனுப்பிய கடைசிப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய யுத்தத்தில் கப்பலிலிருந்து பறந்த விமானங்கள் மட்டும்தான் நம் சேகரிப்பு, தரையிலிருந்து கிளம்பியதெல்லாம் வேண்டாம் என்று சட்டம் போட்டது நீ. நீ அங்கிருந்து பெட்டி பெட்டியாக அனுப்ப, நான் இங்கே துண்டு துண்டாக ஒட்டினேன். பாதி பிளேடால் பிசிறு சீவி, பழைய சவர பிரஷ்ஷால் தூசி தட்டி, ஸ்டிக்கர்களைச் சவரக் கிண்ணத்துத் தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டி, முதுகிலே வருகிற வானொலிக் கம்பிக்கு முடி வெட்ட வருகிற ஒரு பாட்டுக்காரர் தலையிலிருந்து விழுந்த நீள முடியைக் கட்டி, நானே பிரம்மா மாதிரி உட்கார்ந்திருப்பேன். மற்ற சலூன்களில் நடிகர் படம் தொங்கும். என் சலூனில் ஒரு கடற்படையே நின்றது. இறக்கையை மடித்து நிற்பவை கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில், மிதவைக் கால் வைத்துத் தண்ணீரில் இறங்குபவை கீழ்த்தட்டில். முடி வெட்டிக்கொள்ள வந்தவனெல்லாம் "இது எந்த நாட்டோடது?" என்று கேட்காமல் போக மாட்டான். நானும் கத்திரியை வைத்துவிட்டு ஒரு பிரசங்கம் செய்யாமல் விட மாட்டேன்.

உன் அப்பா மட்டும் கேட்டதில்லை. வாரம் தவறாமல் வருவார். அலமாரிக்கு முதுகைக் காட்டிய நாற்காலி காலியாகும் வரை வாசலிலேயே நிற்பார். உட்கார்ந்ததும், நான் துணி போர்த்துவதற்கு முன்பே, கண்ணை மூடிக்கொள்வார். ஆளைப் பார், ஓய்வு பெற்ற பஸ் இன்ஸ்பெக்டருக்கு இவ்வளவு மிடுக்கா, நம்ம கைவேலையை ஒரு பார்வை பார்த்தால் கிரீடம் இறங்கிவிடுமா என்று மனசுக்குள் கறுவிக்கொள்வேன். எனக்குப் புத்தி அவ்வளவுதான்.

கடைசிப் பெட்டியில் வந்தது மேலேயிருந்து செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடுகிற ரகம். கூடவே நீ எழுதியிருந்தாய்: "இதை எங்கப்பா உட்கார்ற நாற்காலிக்கு மேல தொங்கவிடுடா. அன்னிக்கு மிதிச்சாரே, இன்னிக்கு மிதிக்கட்டும் பார்க்கலாம்." நீ விளையாட்டாக எழுதினாய். கூரையில் கொக்கி அடித்தது என் கை. அதில் பாதியை உன் தலையில் கட்டுவதற்காக இதை எழுதவில்லை, நம்பு.

தொங்கவிட்டதையாவது அரைகுறையாகச் செய்தேனா? அதுவும் இல்லை. விமானத்தின் மூக்கிலிருந்து நூலில் குண்டுமணி கட்டி இறக்கி, நாற்காலியில் தலை சாய்க்கிற இடத்துக்கு நேராக வருகிறதா என்று பார்த்தேன். தூண்டில் நரம்பில் கட்டினேன், கண்ணுக்கே தெரியாது. ஃபேன் ஓடினால் அதன் காற்றில் விமானம் லேசாக ஆடும், மூக்கில் இருக்கிற குட்டி விசிறியும் சுற்றும். கழுத்து மழிக்கத் தலையைச் சாய்த்ததும் ஒவ்வொருவனும் ஒரு தடவை "ஐயோ" என்பான், அப்புறம் சிரிப்பான். என் வீட்டுக்காரி சாப்பாடு கொண்டுவந்தவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மனுஷன் நிம்மதியா கண்ணை மூடுற இடத்துல இது எதுக்குங்க?" என்றாள். உனக்கு ரசனை கிடையாது என்று அனுப்பிவிட்டேன்.

அப்பா வந்த அன்று கடை நிறையக் கூட்டம். வழக்கம்போல் கண்ணை மூடி உட்கார்ந்தார். ஒரு கன்னம் முடித்து, தாடைக்குக் கீழே கத்தி வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் ஃபேன் நின்றது. என்னவோ என்று கண்ணைத் திறந்தார் போலிருக்கிறது. அடுத்த நொடி அவர் நாற்காலியில் இல்லை. தரையில் குப்புறக் கிடந்தார், இரண்டு கையும் தலைக்கு மேல். என் கத்தி தாடைக்கடியில் கீறிவிட்டது. வெள்ளைத் துணியில் ரத்தம்.

டேய், நான் சிரித்தேன். எல்லாருக்கும் முன்னால் சிரித்தவன் நான்தான். அப்புறம்தான் கடை சிரித்தது. அதோடு நிறுத்தினேனா? "இப்படித் துள்ளினா கழுத்து போயிருக்கும், பொம்மைங்க அது, பொம்மை" என்று அவரையே அதட்டினேன். அப்பா எழுந்து, துணியாலேயே ரத்தத்தையும் நுரையையும் துடைத்துக்கொண்டார். அந்தத் துணியை மடித்து நாற்காலிக் கையில் வைத்தார். ஒரு பக்கம் மழித்தும் ஒரு பக்கம் மழிக்காமலுமாகத் தெருவில் இறங்கி நடந்தார். படிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடியிருக்க வேண்டும். அடுத்த ஆளை உட்காரச் சொன்னேன்.

இதோடு முடிந்திருந்தால்கூட எப்படியாவது காலில் விழுந்து சரிக்கட்டியிருப்பேன். என் வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்குமா? சலூன்காரன் வாயில் ஒரு கதை கிடைத்தால் வருகிற தலைக்கெல்லாம் ஒரு தடவை அது ஓடும். "ஊரு ஜனத்தையெல்லாம் நடுங்கவெச்ச இன்ஸ்பெக்டர், விரல் நீளப் பொம்மைக்கு நடுங்கிட்டார்" என்று ஆரம்பிப்பேன். தரையில் விழுந்துகூட நடித்துக் காட்டினேன். ரொம்ப ரசித்தவர் பழைய கண்டக்டர். எப்போதோ அப்பா கையில் மாட்டிச் சஸ்பெண்ட் ஆனவர், அந்த வஞ்சம் வயிற்றிலேயே இருந்திருக்கிறது. தலையில் வெட்ட முடி இல்லாத மனுஷன், கதை கேட்பதற்காகவே வந்து உட்கார்ந்தார். விமானம் இறங்குகிற மாதிரி "உய்ய்ய்" என்று வாயால் ஊதுவதை ஆரம்பித்தவர் அவர்தான். அப்புறம் அப்பா தெருவில் போனால் எங்கேயாவது ஒரு "உய்ய்ய்" கேட்கும். அப்பா கடைத்தெருவை விட்டுவிட்டுப் பின்சந்து வழியாகப் போய்வர ஆரம்பித்தார். அதைக்கூட நான் கவனிக்கவில்லை, தாடி வளர்வதையும் கவனிக்கவில்லை. வியாபாரம் ஜோர் என்று சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் உன் அம்மா வந்து கடை வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. "கொஞ்சம் வெளிய வாப்பா" என்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என் சொந்தச் சரக்கு எதையும் சேர்க்கவில்லை. அப்பாவுக்குப் பதினோரு வயசு, துறைமுகத்துப் பக்கம் குடியிருந்தார்களாம். உனக்குச் சித்தப்பா ஒருவர் இருந்தது உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அவருக்கு அப்போது ஆறு வயசு. யுத்த காலம். ஒரு நாள் கடல் பக்கமிருந்து, கப்பலிலிருந்து கிளம்பிய விமானங்கள் வரிசையாக வந்திருக்கின்றன. பார்க்க அழகாக இருந்ததாம். அப்பா தம்பியைக் கூட்டிக்கொண்டு கரைக்கு ஓடி, அவனுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று தூக்கித் தோளில் உட்காரவைத்து, எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தாராம். முன்னால் வந்தது மூக்கைக் கவிழ்த்திருக்கிறது. "இவர் படுத்துட்டார்ப்பா. படுத்துட்டார். ஆனா தோள் மேல இருந்தவன்..." என்று சொல்லி அம்மா நிறுத்திவிட்டார். நானும் கேட்கவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ அதைக் கழட்டுன்னு நான் சொல்ல வரல. உன் கடை, உன் இஷ்டம். அந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்தச் சொல்லு. ராத்திரி எந்திரிச்சு உட்கார்ந்துக்கிறார்" என்றார். போய்விட்டார்.

இப்போது நம் காகித விமானம் உனக்கு ஞாபகம் வந்திருக்கும். விளக்குமாற்றுக் குச்சியும் செய்தித்தாளும் ரப்பர் பேண்டும் வைத்து ஒரு மாதம் உயிரை விட்டுச் செய்தோமே. மாடியிலிருந்து நான் விட்டேன், நீ முற்றத்தில் கைதட்டிக்கொண்டு நின்றாய். அது திரும்பி நேராக உன் தலையைப் பார்த்து இறங்கியது. வேலை முடிந்து வந்த அப்பா காக்கி உடுப்போடு பாய்ந்து உன்னைக் கீழே தள்ளி, அதை மிதித்து நொறுக்கி, உனக்கும் ஒன்று வைத்தார். பொம்மைகூடப் பொறுக்காத மனுஷன் என்று இத்தனை வருஷமும் நீ சொல்லிச் சொல்லி நானும் ஆமாம் போட்டேன். அந்த மனுஷன் எதை மிதித்தார் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. நீ முதல் தடவை வெளிநாடு கிளம்பியபோது ஏர்போர்ட்டுக்கு அம்மாவும் நானும்தான் வந்தோம். "வழியனுப்பக்கூட மனசு வரல பாரு" என்று நீ பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாய். அப்பா கிளம்பினாராம்டா. நமக்குத் தெரியாமல் அடுத்த பஸ்ஸில் கிளம்பியிருக்கிறார். ஏர்போர்ட் நெருங்க நெருங்க விமானங்கள் தாழ்வாக வர ஆரம்பித்ததும் முடியவில்லை. பாதி வழியில் இறங்கிவிட்டார். வாழ்நாளெல்லாம் பஸ்ஸிலேயே கிடந்த மனுஷன், இறங்கி வீடு வரைக்கும் நடந்தே வந்திருக்கிறார். இதையும் அம்மா பிறகு ஒரு நாள்தான் சொன்னார்.

நான் உடனே திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அம்மா வந்துபோன மறுநாள் கண்டக்டர் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், என் சீப்பு அவர் பிடரியில் இருந்தது. மருந்துக்கு வேறு கடை இல்லை, எதிர்ப் பக்கம் அப்பா மருந்துக் கடையிலிருந்து வெளியே வந்தார். கண்டக்டர் உதட்டைக் குவித்து ஊதினார். அப்பா நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை, தோள் மட்டும் குறுகியது. என் கையில் கத்திரி, வாயில் கொழுக்கட்டை. மூச்சு விடாமல் கதை அளக்கிறவன், "நிறுத்துய்யா" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாடிக்கை போய்விடும் என்று பயமா, என் கதையை நானே பொய்யாக்க வேண்டுமே என்று கூச்சமா, எனக்கே விளங்கவில்லை. கண்டக்டர் பிடரியைச் சீவி முடித்து, பவுடரும் போட்டு அனுப்பினேன். அப்பாவின் கழுத்தைக் கீறியதைவிட இதுதான் என்னைக் குடைகிறது. கீறல் கை தவறி விழுந்தது. இது தவறி நடக்கவில்லை.

கண்டக்டர் அடுத்த தடவை வந்தபோது "இனி அந்தச் சத்தம் போடுறதா இருந்தா வேற கடை பார்த்துக்குங்க" என்றேன். ஏன் என்றார். காரணம் சொல்ல எனக்கு உரிமை இல்லை, சொல்லவில்லை. முறைத்துக்கொண்டு போனவர் வரவில்லை. மற்றவர்களும் மெல்ல விட்டுவிட்டார்கள். ஆனால் அப்பா இன்னும் பின்சந்து வழியாகத்தான் போகிறார்.

அதன் பிறகுதான் சவரப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அப்பா குடைக் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். "வாப்பா, உட்காரு" என்றார், நேற்றுப் பார்த்த மாதிரி. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயைத் திறந்ததும் என்ன வந்தது தெரியுமா? "அப்பா, அது அன்னிக்கு வந்தவங்க விமானம் இல்லீங்க. எதிர்த் தரப்போடது. ஸ்டிக்கரைப் பார்த்தாலே தெரியும். எழுபத்திரண்டுல ஒரு பங்கு அளவு" என்று ஆரம்பித்துவிட்டேன். சொல்லச் சொல்லவே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. சேகரிப்பவன் புத்தி எங்கே போய் நிற்கிறது பார்.

அப்பா குடையைக் கீழே வைத்தார். உள்ளே அம்மா இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். நான் தெரிந்துகொண்டேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. கோபப்படவில்லை. "அன்னிக்கு நான் ஸ்டிக்கரெல்லாம் பாக்கலப்பா" என்றார். குடையை மறுபடி எடுத்தபடி, "உன் கடையில இருந்ததுக்குச் சத்தமே இல்ல. சத்தம் வந்தாவது முன்னாடியே தெரியும்" என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். யார் யாரைத் தேற்றுவது என்று கிடையாதா!

தாடியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இப்படியே நன்றாக இருக்கிறது என்றார். கத்திக்குப் பயந்து அல்ல என்பது எனக்குத் தெரியும். தலையைச் சாய்த்துக் கழுத்தைக் காட்ட ஒரு நம்பிக்கை வேண்டும், அதை நான் கெடுத்துவிட்டேன். வேறு சலூனுக்கும் போகவில்லை. கை நடுங்குவதால் தானே மழித்துக்கொள்ளவும் முடியாது.

நான் கிளம்ப எழுந்தபோது கேட்டார்: "அவன்கிட்ட சொல்லிட்டியா?" இல்லை என்றேன். "சொல்லாதே. கோபக்காரன்னே நினைச்சுக்கிட்டு இருக்கட்டும். பெத்தவன் பயந்தாங்கொள்ளின்னு தெரிய வேணாம்" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

கேட் வரை அம்மா கூட வந்தார். "ஊருக்கெல்லாம் ஒரு கதை சொன்னியே. இதை ஒருத்தனுக்கு மட்டும் சொல்லு. நான் வாக்குக் கொடுத்துட்டேன், சொல்ல முடியாது. உன் வாய்தான் ஊரறிஞ்ச வாயாச்சே" என்றார். அதில் கேலி இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கண் கலங்கியிருந்தது. ஆக, அப்பாவிடம் சரி என்றேன், அம்மாவிடமும் சரி என்றேன். ஒருவருக்குத் துரோகம் செய்துதான் இதை எழுதுகிறேன். அப்பாவுக்கு இது ஒன்றும் என்னிடமிருந்து புதிதல்ல.

விமானங்களையெல்லாம் இறக்கிப் பெட்டிகளில் வைத்துவிட்டேன். உடைக்கவில்லை, உன்னுடையவை. உனக்குக் கோபம் வந்தால் என் மேல் வரட்டும், நியாயம்தான். உன் மேலேயே வந்தால், அதைத் தூக்கிப்போட்டுவிட்டுக் கிளம்பு. நீ வந்து வருஷம் எத்தனை ஆயிற்று என்று நான் கணக்குச் சொல்ல மாட்டேன், வீட்டில் ஒருவர் வைத்திருக்கிறார்.

எப்படியாவது லீவு போட்டு வா. அப்பாதான் கதவைத் திறப்பார், அம்மாவுக்கு முழங்கால் வலி. தாடியைப் பார்த்துச் சிரித்துவிடாதே. எதையும் தெரிந்தவன் மாதிரிக் காட்டிக்கொள்ளாதே, நீ அழுதால் அவர் கண்டுபிடித்துவிடுவார். இரண்டு நாள் சும்மா இரு. அப்புறம், "தாடி குத்துதுப்பா, நான் எடுத்துவிடட்டுமா" என்று கேள். வேண்டாம் என்று சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன். உனக்குப் பழக்கமில்லை என்பதால் சொல்கிறேன். முதலில் கத்திரியால் குட்டையாக நறுக்கு. வெந்நீர்த் துணியைக் கொஞ்ச நேரம் போட்டு வை. இடது தாடைக்குக் கீழே முடி சுழித்து வளர்ந்திருக்கும், எதிர்த்து இழுத்தால் எரியும், அதன் போக்கில் போ. வலது பக்கம் தாடைக்கடியில் ஒரு கோடு தட்டுப்படும். அது நான் போட்டது. அந்த இடத்தில் கையை இன்னும் லேசாக்கு. தலையை ரொம்பச் சாய்க்காதே, உன் தோளில் சாய்த்துக்கொண்டால் போதும். கத்தியை வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும், "அப்பா, வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வை. சத்தமில்லாமல் மட்டும் வைத்துவிடாதே.

இப்படிக்கு,
மன்னிக்கச் சொல்லிக் கேட்க இன்னும் துணிச்சல் வராத
உன் சீப்பு